பெரியக்காவுக்கு ஒரு கையேடு

மனைவியிடம் தினமும் தவறாமல் திட்டு வாங்குவது என்று அவர் தீர்மானம் செய்தது ஒரு திங்கட்கிழமை காலையில்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகத் திட்டு வாங்குகிற மனிதர்தான். ஆனால் அதெல்லாம் ஜலதோஷம் மாதிரி தானாக வந்தது. திட்டம் போட்டு, பட்டியல் வைத்துக்கொண்டு திட்டு வாங்கப் புறப்பட்டது இதுதான் முதல் தடவை. 'தினம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று' என்று பாக்கெட் நோட்டில் எழுதிக் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பும் போட்டார்: 'காரணமில்லாத திட்டு சேர்த்தியில்லை.'

அடிக்குறிப்பு இல்லாமல் அவரால் எதையும் எழுத முடியாது. அவர் உத்தியோகம் அப்படி. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கையேடு எழுதுகிறவர். பொறியாளர்கள் ஏதாவது ஒன்றைச் செய்து வைப்பார்கள். அது என்ன, எப்படி ஓட்டுவது, எந்தப் பொத்தானைத் தொட்டால் எது வெடிக்கும் என்று ஊர் உலகத்துக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவது இவர் வேலை. பதினைந்து வருஷம் எழுதி எழுதிப் பேச்சிலும் அடிக்குறிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. "டீ சாப்பிடப் போகலாமா?" என்று கேட்டால், "போகலாம்" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மழை வந்தால் வேண்டாம்" என்பார். ஆபீஸில் அவருக்குப் பெயரே 'அடிக்குறிப்பு' என்று ஆகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஏன் வலியப் போய்த் திட்டு வாங்க வேண்டும்? அதற்குப் பெரியக்காவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கம்பெனியில் இப்போது புரோகிராம் எழுதுவது மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜென்ட்டுகள். வேலையைச் சொன்னால் போதும், மளமளவென்று எழுதித் தள்ளிவிடும். சுறுசுறுப்புக்கும் பணிவுக்கும் குறைச்சலே இல்லை. ஒரே ஒரு கோளாறுதான். செய்யாத வேலையையும் 'முடித்துவிட்டேன்' என்று சொல்லும். சோதித்துப் பார்த்தாயா என்றால் 'பார்த்தேன், எல்லாம் சரி' என்னும். திறந்து பார்த்தால் பாதி வேலை அந்தரத்தில் தொங்கும்.

இதுகளைக் கட்டி மேய்க்க ஒரு கருவி செய்தார்கள். ஏஜென்ட் எழுதியதை வரிவரியாகப் பார்த்து, தப்பு இருந்தால் திருப்பி அனுப்பும். ஆனால் அது சொன்ன குறைகளை எவரும் படிக்கவில்லை. 'வரி 212: கையாளப்படாத விதிவிலக்கு' என்று வந்தால் யார்தான் படிப்பார்கள்? மேற்பார்வை பார்க்க வேண்டிய மனிதர்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால் கருவிக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சிரிக்கச் சிரிக்கத் திட்டும் கருவி. பெரியக்கா என்று பெயர் வைத்தார்கள்.

பெரியக்காவுக்குச் சொந்தமாகத் திட்டத் தெரியாது. ஏஜென்ட்டுகள் செய்யும் தப்பு மொத்தம் நாற்பது வகை. வகைக்கு ஒரு திட்டு வீதம் கையேட்டின் பின்னிணைப்பில் எழுதி வைத்தால், பெரியக்கா அதைப் பார்த்துத் திட்டும். கையேடு எழுதுகிறவர் யாரோ அவர்தான் திட்டும் எழுத வேண்டும். நம்மவர் தலையில் வந்து விடிந்தது.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு முதல் திட்டை எழுதி எடுத்துப் போனார். மேனேஜர் வாய்விட்டுப் படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஏஜென்ட் அவர்களே, தங்கள் பணியில் ஒரு சிறு குறைபாடு காணப்படுகிறது. ஹா ஹா.' இதுல ஜோக் எங்கே சார்?"

"ஹா ஹா போட்டிருக்கேனே சார்."

"அது சிரிப்பு. நான் கேக்கறது ஜோக்."

"அடிக்குறிப்புல இருக்கு சார்."

மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடிக்குறிப்பைப் பார்த்தார். 'மேற்கண்டது நகைச்சுவை' என்று இருந்தது.

"உக்காருங்க" என்றார் மேனேஜர். அவர் உட்காரச் சொன்னாலே வம்புதான். "கையேடு எழுதற ஏஜென்ட் ஒண்ணு வந்திருக்கு. அதுக்கும் இதே வேலையைக் கொடுத்திருக்கேன். மூணு வாரம் டைம். எது தேறுதோ அதை எடுத்துக்கப் போறோம். உங்களோடது தேறலைன்னா உங்களைக் கீழே ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லை சார்."

ரெக்கார்டு ரூம் என்பது தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. பழைய கையேடுகளை ஒவ்வொரு தாளாக ஸ்கேனருக்கு ஊட்ட வேண்டும். அந்தக் கையேடுகளில் பாதி இவரே எழுதியது. தன் அடிக்குறிப்புகளைத் தானே மெஷினுக்கு ஊட்டிக்கொண்டு, ரிட்டயர் ஆகிற வரைக்கும் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தார். எழுதுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை. அதன்மேல் அவருக்கு உயிர்.

அன்று சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார்.

அவர் மனைவி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அந்தக் காரில் ஸ்டியரிங் கற்றுக்கொள்ள வந்தவர் கையில் இருக்கும். பிரேக் இன்னொன்று அவள் காலடியில் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களை அவள் ஒரு வார்த்தை அதட்ட மாட்டாள். அதட்டினால் பயந்துபோய் ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்களாம். எதிரே லாரி வந்தாலும், "பரவாயில்லை, மெதுவா இடது பக்கம் வாங்க" என்று தாலாட்டுப் பாடுவாள். பகல் பூரா அடக்கி வைத்ததெல்லாம் சாயங்காலம் வீட்டில் வந்து இறங்கும்.

"குளியலறைக் குழாய் சொட்டுதுன்னு காலையில சொன்னேனே, பாத்தீங்களா?"

"ஆச்சும்மா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டொக்'.

"ஆச்சுன்னு வாய் சொல்லுது. குழாய் சொல்லலையே!"

வேறு நாளாக இருந்தால் "இதோ" என்று சொல்லிவிட்டு இன்னும் நன்றாகச் சாய்ந்திருப்பார். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பு நம்பர் ஒன்று: செய்யாததைச் செய்ததாகச் சொல்லுதல்! அதற்கு இதைவிட ஒரு திட்டு உண்டா? வெண்ணெயை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மூன்று நாளாக நெய்க்கு அலைந்திருக்கிறோமே! பாய்ந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சொட்டும் குழாயைச் சாட்சி வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். குழாயை அப்போதும் சரிசெய்யவில்லை.

மறுநாள் பெரியக்கா அந்த வரியைச் சொன்னபோது ஒரு பொறியாளருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்து கையைக் குலுக்கினார். "சார், இது ஜோக்!"

மீதி முப்பத்தொன்பது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தார். திங்கட்கிழமை தீர்மானம் பிறந்தது.

வேலை சுலபம். பட்டியலைப் பார்த்து, எந்தத் தப்புக்குத் திட்டு வேண்டுமோ அந்தத் தப்பை வீட்டில் செய்ய வேண்டியது. 'இருப்பதைத் தேடாமல் புதிதாக ஒன்று செய்தல்' என்று ஒரு வகை. வீட்டில் இரண்டு துடைப்பம் இருக்கும்போது மூன்றாவதாக ஒன்று வாங்கி வந்து கதவோரம் சாத்தினார்.

"துடைப்பம் மூணு ஆச்சு. பெருக்கத்தான் ஆள் இல்லை" என்றாள்.

ஓடினார் குளியலறைக்கு.

'சின்ன வேலைக்குப் பெரிய ஏற்பாடு.' துண்டு உலர்த்தக் கொடி கட்டச் சொன்னதற்கு, இரண்டு கப்பி, ஒரு கைப்பிடி, பதினெட்டு அடி கயிறு எல்லாம் வைத்து ஒன்றை மாட்டினார்.

"நான் கேட்டது கொடி. கிரேன் இல்லை. துண்டைத் தூக்க ஆபரேட்டர் எப்ப வருவாரு?"

மறுபடி குளியலறை.

'பொருத்தமில்லாத பெயர் வைத்தல்.' சமையலறை டப்பாக்களில் சீட்டு ஒட்டினார்: 'பொருள் 1', 'பொருள் 2', 'பொருள் 2 புதுசு', 'பொருள் 2 கடைசி', 'பொருள் 2 நிஜமாகவே கடைசி.'

"உப்பு எங்கேங்க?"

"நிஜமாகவே கடைசியில பாரும்மா."

"அது சோடா உப்பு. அதைப் போட்டுச் சாப்பிட்டிருந்தா நிஜமாகவே கடைசியா ஆயிருக்கும்!"

அன்றைக்கு ஓடிய வேகத்தில் குளியலறை மிதியடி வழுக்கியது.

அடுப்பில் பால் பொங்கிப் புகைந்து, கூரையில் இருந்த புகை மணி அலறியபோது மட்டும் அவர் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அது இயல்பாகவே வந்த தப்பு. ஸ்டூல் போட்டு ஏறி, மணியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, "சரியாயிடுச்சும்மா" என்றார்.

"புகை மணி அடிச்சா அடுப்பை அணைக்கணும். மணியை அணைச்சுட்டுச் சரியாயிடுச்சுங்கறீங்களே!"

இந்தத் திட்டு அவர் மண்டையில் ஒரு விளக்கையே ஏற்றிவிட்டது. ஆபீஸில் ஏஜென்ட்டுகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. திட்டு தாங்காமல் பெரியக்காவையே அணைத்துவிட்டு, 'குறை ஒன்றும் இல்லை' என்று அறிக்கை கொடுத்தன. அடிக்குறிப்பு உட்கார்ந்து கையேட்டின் கடைசிப் படியை, இருபத்திரண்டாம் படியை, தன் சொந்த மூளையால் எழுதினார்: 'பெரியக்காவை நிறுவியவரால் மட்டுமே நிறுத்த முடியும். திட்டு வாங்குபவர் கையில் நிறுத்தும் பொத்தான் இருக்கக் கூடாது.' கீழே அடிக்குறிப்பு: 'கெஞ்சினாலும் கூடாது.' பொறியாளர்கள் கருவியையும் அப்படியே மாற்றி அமைத்தார்கள். கையேடு முழுவதிலும் அவருக்கு மிகவும் பெருமை தந்த இடம் அதுதான்.

இரண்டாவது வாரத்தில் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மனைவி முன்னைவிட நிதானமாகத் திட்ட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் கடகடவென்று வந்துபோகும். நாலு வார்த்தை காதில் விழுந்தால் இரண்டு தப்பிவிடும். இப்போது நிறுத்தி நிறுத்தி, எழுதுவதற்குத் தோதாகச் சொன்னாள். ஒருநாள் ஒரு வரி சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொன்னே?" என்றார். எந்தப் பெண்டாட்டியும் இதற்கு வேறு மாதிரிதான் பதில் சொல்லியிருப்பாள். இவள் முதலிலிருந்து வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். தங்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார்.

அதுமட்டுமா? செய்யாத தப்புக்கெல்லாம் திட்டு வந்தது. முப்பத்தொன்றாம் தப்பு, 'அடுத்தவர் செய்ததைத் தன்னுடையதாகக் காட்டுதல்.' இதை வீட்டில் எப்படிச் செய்வது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, சும்மா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து அவள் சொன்னாள்: "கரண்டியைப் பிடிச்சவனெல்லாம் சமைச்சவன் ஆயிட முடியாது."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததே என்று குளியலறைக்கு ஓடினார். அவள் பின்னால் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழவில்லை. ஏன் தன்னைப் பார்த்து அதைச் சொன்னாள் என்றும் யோசிக்கவில்லை. கிடைத்த சந்தோஷத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

பதினெட்டாம் நாள் நாற்பதும் நிறைந்தது. மேனேஜர் படித்துப் படித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம். திங்கட்கிழமை வீட்டார் சோதனை வெச்சுடலாம்" என்றார்.

அடிக்குறிப்பு சிரிப்பதை நிறுத்தினார். திட்டு சேகரிக்கிற மும்முரத்தில் வீட்டார் சோதனையை மறந்தே போயிருந்தார்.

அது அந்தக் கம்பெனியின் பழைய வழக்கம். எந்தக் கையேடாக இருந்தாலும், எழுதியவர் வீட்டிலிருந்து ஒருவரை, இந்தத் தொழிலே தெரியாத ஒருவரை, அழைத்து வர வேண்டும். அவர் கையேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை செய்து முடிக்க வேண்டும். ஒரு சந்தேகம் கேட்டாலும் கையேடு தோற்றது. எழுதியவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கலாம்; வாயைத் திறக்கக் கூடாது. இதுவரை அவருடைய சொந்த அக்காதான் வந்தாள். அத்தனை கையேடும் படித்ததில் அக்கா அதிலேயே தேறிப்போய், இப்போது ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறாள். அதனால் அவள் செல்லாது. வீட்டில் மிச்சம் ஒரே ஒரு ஆள்.

அன்று சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, திங்கட்கிழமை ஒரு மணி நேரம் என் ஆபீஸுக்கு வர முடியுமா? ஒரு கையேடு படிக்கணும்."

"எதைப் பத்தி?"

"ஒரு மெஷின் இன்னொரு மெஷினைக் கொஞ்சம் கண்டிக்கும்."

"எதுக்கு?"

"வேலையைச் செய்யாமலே செஞ்சாச்சுன்னு சொல்லுது. அதுக்காக."

"இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே."

"உலகத்துல எல்லா இடத்துலயும் நடக்கறதுதானேம்மா."

"என்னன்னு கண்டிக்கும்?"

"ஏதோ பொதுவா. நாகரிகமா."

"சரி, வரேன்" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவருக்குக் கொஞ்சம் இடித்தது.

இரண்டு முன்னேற்பாடு செய்தார். மனைவிக்குக் கொடுக்கப் போகும் பிரதியிலிருந்து பின்னிணைப்பை மட்டும் கழற்றி, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்து, சோதனைக்கு வேலை செய்யப் போகிற ஏஜென்ட்டிடம் போய்க் கெஞ்சினார்: மிகச் சின்ன வேலை, தயவுசெய்து தப்பே இல்லாமல் செய். 'நிச்சயமாக! ஒரு தப்பும் இருக்காது' என்றது ஏஜென்ட். தப்பு இல்லையென்றால் பெரியக்கா வாயைத் திறக்க மாட்டாள். வாயைத் திறக்காவிட்டால் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. திட்டம் கச்சிதம். ஏஜென்ட்டின் வாய்ச்சொல்லை நம்பிப் போட்டது என்பதுதான் அதில் இருந்த ஒரே ஓட்டை. ஏஜென்ட்டுகளைப் பற்றியே கையேடு எழுதியவருக்கு அது தெரியவில்லை.

திங்கட்கிழமை. மனைவி மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்களின் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் நகர்ந்தன. மேனேஜரும் பொறியாளர்களும் சுவரோரம் நின்றார்கள். சுவரில் பெரிய திரை. கண்ணாடிக்குப் பின்னால் அடிக்குறிப்பு சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதின்மூன்றாம் படியில் அவள் பொத்தானை அழுத்தினாள். ஏஜென்ட் வேலை செய்தது. 'முடித்துவிட்டேன். சோதித்தும் பார்த்துவிட்டேன்' என்றது. பெரியக்கா அதை வரிவரியாகப் பார்த்தாள். பிறகு சுவர் முழுக்க எழுத்து வந்தது.

'ஆச்சுன்னு வாய் சொல்லுது. குழாய் சொல்லலையே!'

அறையே சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. திரையை ஒருமுறை பார்த்தாள். கண்ணாடித் தடுப்பை ஒருமுறை பார்த்தாள். அடிக்குறிப்பு கூரையைப் பார்த்தார்.

அவள் பதினான்காம் படிக்கு விரலை நகர்த்தினாள். 'பெரியக்கா சொன்ன திட்டைப் பின்னிணைப்பில் தேடி, அதன் எண்ணைக் கட்டத்தில் எழுதவும்.' பக்கத்தைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள். பின்னால் புரட்டினாள். பின்னிணைப்பு எங்கே என்று கேட்பதற்காக மெல்ல நிமிர்ந்தாள்.

அவளுடைய உதடு பிரிவதை அவர் பார்த்தார். அந்த ஒரு கேள்வி வெளியே வந்தால் கையேடு போச்சு. பதினைந்து வருஷம் போச்சு. ஜன்னல் இல்லாத அறையும் ஸ்கேனரும் கண் முன்னால் வந்து நின்றன. பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்வதா, ரெக்கார்டு ரூமில் மாட்டிக்கொள்வதா? ஒரு விநாடிதான் யோசித்தார். தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, வாயைத் திறக்காமல், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். கள்வனே களவுப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது.

"வாயைத் திறக்கலை. விதிப்படி சரிதான்" என்றார் மேனேஜர்.

அவள் தாள்களைப் பிரித்தாள். நாற்பது திட்டையும் மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். துடைப்பம், கிரேன், சோடா உப்பு. அவர் காலடியில் தரை இருக்கிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. படித்து முடித்து, கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போனாள். இருபத்திரண்டு படியும் முடிந்தது. ஒரு கேள்வியும் இல்லை.

மேனேஜர் கைதட்டினார். "உங்களுக்குப் போட்டியா வந்த ஏஜென்ட் எழுதின கையேட்டுக்கு வீட்டார் சோதனை ஆச்சான்னு கேட்டேன் சார். 'முடிந்தது, வீட்டார் அனைவரும் பாராட்டினர்'னு சொல்லுது. அதுக்கு ஏது வீட்டார்? உங்களோடதுதான் தேறினது!" பிறகு அவளிடம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்றார்.

"ரொம்பத் தெளிவா இருக்குங்க. திட்டெல்லாம் யார் எழுதினது?"

"உங்க வீட்டுக்காரர்தான்! இவருக்கு இவ்வளவு நகைச்சுவை உணர்ச்சி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. முப்பத்தொண்ணாவது திட்டுல ஒரு வரி விட்டுப்போச்சு. 'கரண்டியைப் பிடிச்சவனெல்லாம் சமைச்சவன் ஆயிட முடியாது. உப்பு எந்த டப்பாவுலன்னு கேட்டா முழிப்பான்.' அப்படி வந்தாத்தான் முழுசா இருக்கும்."

பொறியாளர்கள் ஆஹா என்றார்கள். மேனேஜர் உடனே எழுதிக்கொண்டார். வழக்கப்படி, சோதனைக்கு வந்த வீட்டாருக்கு, பென்டிரைவில் போட்ட பெரியக்காவின் பிரதி ஒன்றும் கையேடு ஒன்றும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அவள் நன்றி சொல்லிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு டிரைவிங் ஸ்கூல் காரில் திரும்பினார்கள். அவர் ஓட்டினார். அவள் பக்கத்தில், பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு.

"எப்போ தெரியும்?" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

"மூணாம் நாளே. துவைக்கப் போட்ட சட்டையில நோட்டு இருந்துச்சு. நாப்பது தப்பும் நம்பர் போட்டு இருந்துச்சு. பன்னிரண்டு வருஷத்துல நீங்க டிக் போட்டு வேலை செஞ்சதை அன்னைக்குத்தான் பாத்தேன்."

"அப்ப முப்பத்தொண்ணு?"

"உக்காந்து யோசிச்சுச் சொன்னது. முக்கால்வாசி அப்படித்தான். உங்க தப்பை மட்டும் நம்பியிருந்தா மூணு வாரத்துல முடிஞ்சிருக்காது. இடது பக்கம் வாங்க, லாரி வருது."

அவர் இடது பக்கம் வந்தார். கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது. "கோபமே வரலையா உனக்கு? ஏன் சொல்லிக் கொடுத்தே?"

"நோட்டுல கடைசிப் பக்கத்துல 'தேறாவிட்டால் ரெக்கார்டு ரூம்'னு எழுதியிருந்தீங்களே. பகல் பூரா யார்கிட்டயும் பேசாம அங்கே உக்காந்துட்டு, சாயங்காலம் அத்தனை அடிக்குறிப்பையும் என்கிட்ட வந்து கொட்டுவீங்க. அதைக் கேக்கறதுக்கு இது தேவலை."

இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் கார் ஓட்டியதில்லை. குட்டு வெளிப்பட்டும் ஒரு திட்டுகூட விழவில்லை. தப்பித்தோம் என்று முடிவு கட்டினார். அந்த வாரம் முழுக்க அவள் திட்டவே இல்லை. நிஜமாகவே திருந்திவிட்டாள் என்று, அதாவது அவள் திருந்திவிட்டாள் என்று, நம்ப ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, குழாய் இன்னும் சொட்டுதே. பாத்தீங்களா?"

"ஆச்சும்மா" என்றார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவருடைய சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார்.

'பெரியக்கா: ஆச்சுன்னு வாய் சொல்லுது. குழாய் சொல்லலையே! சொட்டாத குழாயை வீடியோ எடுத்து அனுப்பவும்.'

தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது? இது ஏஜென்ட்டுக்கு இல்லையா?"

"'வேலை செய்வதாகச் சொல்லும் எதையும் இதில் சேர்க்கலாம்'னு மூணாம் படியில நீங்கதானே எழுதியிருக்கீங்க. சேத்துட்டேன். உங்க போன்தான் அதுக்குக் காது."

போன் மறுபடி சிணுங்கியது. 'நிலுவையில்: குழாய். கிரேன். டப்பா ஐந்து.' இவர் கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தார். பெரியக்கா அசையவில்லை. 'மணியை அணைச்சுட்டுச் சரியாயிடுச்சுங்கறீங்களே!' என்றாள்.

"இதை எப்படிம்மா நிறுத்தறது?" என்றார், கெஞ்சாத குறையாக.

அவள் நாவலில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"இருபத்திரண்டாம் படியைப் படிங்க. ஒரு சந்தேகமும் வராது. அவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க."